அநாஸ் என்னும் ஒரு சொல்: இருக்கு வேதப் பாடத்தின் நம்பகத்தன்மையும் வரலாற்றுச் சான்றும்

பழஞ்சமய நூல் ஒன்று வரலாற்றுக்குச் சான்றாகுமா என்னும் வினா எழும்போதெல்லாம், தம்முள் வேறான இரண்டு வினாக்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நூலின் பாடம் சிதையாமல் நம் கைக்கு வந்திருக்கிறதா என்பது ஒன்று. அப்பாடத்திலிருந்து நாம் வருவிக்கும் செய்தி வரலாற்றில் நிகழ்ந்ததா என்பது மற்றொன்று. முன்னதற்குச் சாதகமான விடை கிடைத்துவிட்டால் பின்னதற்கும் அதுவே விடை எனக் கொள்ளும் வழக்கம், பிற சமய நூல்களைக் காட்டிலும் இருக்கு வேதம் பற்றிய எழுத்துகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஓர் அசையும் மாறாமல் காக்கப்பட்ட நூல் என்பதால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் கல்வெட்டுக்கு நிகரான ஆவணம் என்பர் ஒரு சாரார். வாய்மொழியாக வந்த புராணம் என்று முற்றாக ஒதுக்குவர் மற்றொரு சாரார். இவ்விரு நிலைகளும் மொழியியல் நோக்கில் ஏற்கத்தக்கன அல்ல என்பதை, ஐந்தாம் மண்டலத்தில் ஒரே ஒரு முறை வரும் ஒரு சொல்லை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்புப் பயிலரங்கில், பண்டைய இந்திய வரலாறு பற்றிய ஆங்கிலப் பகுதி ஒன்றைத் தமிழாக்கும் பயிற்சி நடந்தது. ஆரியர் தம் பகைவரான தஸ்யுக்களை மூக்கற்றவர் என இகழ்ந்ததாக அப்பகுதி கூறியது. பயிற்சிக்கு வந்த இளைஞர் அதனைச் 'சப்பை மூக்குத் திராவிடர்' எனப் பெயர்த்தார். மூலத்தில் திராவிடர் என்ற சொல் இல்லையே என்று கேட்டபோது, 'வேதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, ஐயா' என்றார். அவரைக் குறைகூற இயலாது. அவர் கற்ற பாடநூல்களும் கேட்ட மேடைகளும் அப்படித்தான் சொல்லியிருந்தன. வேதத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தேடிச் சென்றால் நாம் காண்பது ஒரு புணர்ச்சிச் சிக்கலே.

பாடம் காக்கப்பட்ட முறை

இருக்கு வேதத்தில் 10 மண்டலங்களும், வாலகில்யப் பாக்கள் 11-ஐயும் சேர்த்து 1028 சூக்தங்களும் உள்ளன. தமிழில் வேதத்திற்கு வழங்கும் கேள்வி, எழுதாக்கிளவி என்னும் பெயர்கள் அது கையளிக்கப்பட்ட முறையைச் சுட்டுகின்றன. புனேயிலுள்ள பண்டார்க்கர் கீழைக்கலை ஆய்வு நிறுவனத்தின் 30 இருக்கு வேதச் சுவடிகள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் காலம் குறிக்கப்பட்ட பழஞ்சுவடி கி.பி. 1464ஆம் ஆண்டினது. எபிரேய விவிலியத்தின் பாடத்தைச் சோதிக்க 1947 முதல் சாக்கடற் குகைகளில் சுருள்கள் கிடைத்தன. அதுவரை அறியப்பட்டிருந்த எபிரேயச் சுவடிகளுக்கு ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு முற்பட்டவை அவை. வேதத்திற்கு அத்தகைய புறச்சான்று ஏதும் இல்லை. இருப்பது ஓதல் மரபு ஒன்றே.

அம்மரபின் நுட்பத்தை மொழியியலார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சொற்கள் புணர்ந்த நிலையில் ஓதுவது சம்ஹிதை பாடம். புணர்ச்சியைப் பிரித்துத் தனித்தனிச் சொல்லாக ஓதுவது பதபாடம். சொற்களை இரண்டிரண்டாகக் கோத்து முன்னேறுவது கிரமம். முன்னும் பின்னுமாகத் திரும்பி வருவன ஜடை, கனம் முதலானவை. கனபாடிகள் என்று நாம் வழங்கும் பட்டம் இக்கடைசி முறையில் தேர்ந்தவர்க்குரியது. இம்முறைகளின் பயன் வெளிப்படையானது. ஒரு சொல்லை ஓதுபவர் மறந்தாலோ மாற்றினாலோ அடுத்த திருப்பத்தில் பிழை வெளிப்பட்டுவிடும். பிழையறியும் குறிமுறை என இன்றைய கணிப்பொறியியலார் கூறுவதன் பழைய வடிவம் இது எனலாம். நாட்டின் வேறுவேறு பகுதிகளில், தம்முள் தொடர்பின்றி வாழ்ந்த ஓதுவார் குடும்பங்களில், சாகல சாகையின் பாடம் வேறுபாடின்றி வழங்குவது இம்முறையின் வெற்றிக்குச் சான்று.

ஆயினும் இவ்வெற்றிக்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. பதபாடத்தைச் செய்தவர் சாகல்யர் என்பது மரபு. பாணினி அவரைப் பெயர் சுட்டி எடுத்தாளுவதால் அவர் பாணினிக்கு முற்பட்டவர். சாகல்யர் காலத்திலிருந்து பாடம் அசையவில்லை என்று சொல்லலாம். சூக்தங்கள் இயற்றப்பட்ட காலத்திலிருந்து அசையவில்லை என்று சொல்ல இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. பதஞ்சலி தம் மாபாடியத்தில் இருக்கு வேதத்திற்கு 21 பிரிவுகள் இருந்ததாகக் கூறுகிறார். தொகுத்தலும் ஒலிச் சீரமைப்பும் அவ்விடைக்காலத்தில் நிகழ்ந்தன.

இதற்கு அகச்சான்று யாப்பு. 'பாவக' என்று ஓதப்படும் சொல்லை யாப்பு ஏறத்தாழ எல்லா இடங்களிலும் 'பவாக' என்று வேண்டுகிறது. 'த்வம்' என ஓரசையாய் ஓதப்படுவது பல இடங்களில் 'துவம்' என ஈரசையாய் நிற்க வேண்டியது. 'சூர்ய' என்பது 'சூரிய' என மூவசையாக வேண்டியது. குற்றியலுகரம் அலகு பெறும் இடமும் பெறா இடமும் அறிந்த தமிழ் யாப்பாசிரியர்க்கு இது புதியதன்று. 1888இல் ஓல்டன்பர்க் இவற்றை வகைப்படுத்தி, சீரமைத்தோர் கைபட்ட பாடத்தின் அடியில் மற்றொரு பாடம் இருப்பதை நிறுவினார். வான் நூட்டன், ஹாலண்டு இருவரும் 1994இல் யாப்பு வழி மீட்டமைத்த பதிப்பை வெளியிட்டனர். பாராட்டத்தக்கது யாதெனில், யாப்புக் குறைவதை ஓதுவாரும் அறிந்திருந்தனர். குறைந்த அடியை அசை பிரித்து நிறைவு செய்யும் வழியைப் பிராதிசாக்கியமே கூறுகிறது. எனினும் ஓதும் பாடத்தில் அவர்கள் கைவைக்கவில்லை. பிழை எனத் தெரிந்தும் பெற்றதைப் பெற்றவாறே கையளித்த இந்நேர்மையே இன்று நாம் உள்பாடத்தை மீட்க உதவுகிறது.

முதற் சூக்தத்தின் இரண்டாம் சொல்லே மற்றோர் எடுத்துக்காட்டு. உயிர்களுக்கிடையே வரும் டகர ஒலி சாகல மரபில் ளகரமாகி, 'ஈடே' என்பது 'ஈளே' என ஓதப்படுகிறது. பிற சாகைகளில் டகரமே நிற்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மித்தானி நாட்டு உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் பெயர்கள் வருவதும், அக்காலத்துக் குதிரைப் பயிற்சி நூலொன்றில் 'அய்க' என்னும் எண்ணுப்பெயர் வருவதும் யாவரும் அறிந்தவை. வேதத்தில் அது 'ஏக'. ஐகாரம் ஏகாரமாகிய பிற்பட்ட நிலையையே நமக்குக் கிடைத்த பாடம் காட்டுகிறது. இம்மாற்றம் சூக்தங்கள் இயன்றபோதே நிகழ்ந்துவிட்டதா, ஓதலில் பின்னர்ப் புகுந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது. இன்றைய ஓதலிலும் மாற்றம் இல்லாமல் இல்லை. கேரளத்து நம்பூதிரிகள் 'தத்' என்பதன் இறுதித் தகரத்தை லகரமாக ஒலிப்பர். மலையாளத்தார் உத்சவத்தை உல்சவம் என்பதும் இவ்வியல்பே. பாடம் மாறவில்லை, ஒலிப்பு மாறியிருக்கிறது.

இவை பாடத்தின் மதிப்பைக் குறைப்பன அல்ல. எந்த அடுக்கு எக்காலத்தது என்று பிரித்தறியும் வாய்ப்பை அளிப்பவை. சொல்லப்போனால், வரலாற்றுச் சான்று என்ற வகையில் வேதம் தன் உறுதியைக் காட்டும் இடங்கள் வேறு உள. அசிக்னீ, விதஸ்தா, விபாஷ் முதலிய ஆற்றுப் பெயர்களை எடுத்துக்கொள்வோம். கி.மு. 326இல் அலெக்சாந்தருடன் வந்த கிரேக்கர் அகேசினேஸ், ஹைடாஸ்பேஸ், ஹைபாசிஸ் என்று அவற்றைக் கேட்டு எழுதினர். வேதத்தை ஓதியவரும் கிரேக்கரும் ஒருவரை ஒருவர் கலந்து பேசி இதைச் செய்யவில்லை. பெயர்கள் பொருளறியாமலும் காக்கப்படத்தக்கவை. எனவே ஒலி காக்கும் மரபில் அவை பெரிதும் நம்பத்தக்கன. பொருள் வேண்டும் சொற்களின் நிலை அத்தகையதன்று.

பிரித்தல் என்பது பொருள்கோள்

பதபாடம் பழமையானது என்பதால் அது மூலத்தோடு ஒத்த அதிகாரம் உடையது எனப் பலர் கருதுகின்றனர். பண்டை இந்திய அறிஞர் அவ்வாறு கருதவில்லை. பத்தாம் மண்டலத்தில் 'வாயோ' என வரும் ஓர் ஒலித்தொடரை 'வா', 'யஹ' என இரு சொல்லாகச் சாகல்யர் பிரித்தார். யாஸ்கர் தம் நிருக்தத்தில் இதை மறுத்தார். 'யஹ' என்பது சார்புச் சுட்டாயின் அதனைத் தழுவிய வினைமுற்று உதாத்த சுரம் பெற்றிருக்க வேண்டும், பெறவில்லை, பொருளும் நிரம்பவில்லை, ஆகவே அது பறவைக் குஞ்சைக் குறிக்கும் ஒரே சொல் என்பது அவர் வாதம். இக்காலத் தொடரியலார் எவரும் இதனினும் தெளிவாக வாதிட்டுவிட முடியாது. பதம் பிரித்தோர் இலக்கணத்தைப் பின்பற்ற வேண்டுமேயன்றி இலக்கணம் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை என்று பதஞ்சலியும் கூறுவார். அதே நிருக்தத்தில், மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்ற கௌத்சர் என்பாரின் கொள்கையும் எடுத்துக்காட்டி மறுக்கப்படுகிறது. அக்கொள்கை மறுக்கப்படும் அளவிற்கு வலுவாக இருந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. யாஸ்கர் காலத்திலேயே ஒலி உறுதியாகவும் பொருள் ஐயத்திற்குரியதாகவும் இருந்தன.

தமிழ் இலக்கண மரபில் இதற்கு இணையான சிந்தனை உண்டு. எழுத்தால் ஒத்து நின்று பொருளால் வேறுபடும் புணர்ச்சியைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் கூறுகிறார். உரையாசிரியர்கள் அதற்குச் 'செம்பொன்பதின்றொடி' என்பதைக் காட்டுவர். செம்பு ஒன்பதின் தொடியா, செம்பொன் பதின் தொடியா என்பதை ஓசை வேறுபாட்டால் அறியலாம். அன்றேல் சொல்லுவான் குறிப்பால் அறிய வேண்டும். எழுத்து மட்டும் துணை செய்யாது. செம்புக்கும் பொன்னுக்கும் உள்ள விலை வேறுபாடு ஒரு வணிகனுக்கு எத்துணை முக்கியமோ, அதைவிடப் பெரிய வேறுபாடு அடுத்து வரும் சொல்லில் உள்ளது.

மூக்கா, வாயா?

ஐந்தாம் மண்டலத்தின் 29ஆம் சூக்தம், பத்தாம் மந்திரம். இந்திரன் தஸ்யுக்களை ஆயுதத்தால் அழித்தான் என்று கூறுமிடத்தில் தஸ்யுக்களுக்கு அடையாக 'அநாஸஹ' என்னும் சொல் வருகிறது. இருக்கு வேதம் முழுவதிலும் இச்சொல் இவ்வோரிடத்தில் மட்டுமே உள்ளது. இதனை அ + நாஸ் எனப் பிரித்தால் மூக்கற்றவர். அந் + ஆஸ் எனப் பிரித்தால் வாயற்றவர். எதிர்மறை முன்னொட்டு மெய்க்கு முன் 'அ' எனவும் உயிருக்கு முன் 'அந்' எனவும் நிற்கும். ஆகவே இரு பிரிப்பும் இலக்கணத்திற்கு ஒத்தவையே.

சுரம் துணை செய்யுமா? செய்யாது. இவ்வகை அன்மொழித்தொகையில் எதிர்மறை முன்னொட்டு வந்தால் பின்மொழியே பெரும்பாலும் உதாத்தம் பெறும்; எவ்வாறு பிரித்தாலும் அவ்வசை 'ஆ' என்பதே. பதபாடம் துணை செய்யுமா? அதுவும் செய்யாது. தொகைச் சொற்களின் உறுப்புகளை இடைநிறுத்திக் காட்டும் பதபாடம், எதிர்மறை முன்னொட்டுத் தொகைகளை மட்டும் பிரிப்பதில்லை. சாகல்யர் இச்சொல்லை எவ்வாறு உணர்ந்தார் என்பதை அவரது பாடத்திலிருந்து அறியவே முடியாது. அசை பிசகாமல் காக்கப்பட்ட நூல், நமக்குத் தேவையான இடத்தில் வாய்திறக்கவில்லை. சூக்தம் பிற்சேர்க்கையோ என்றால், அவ்வாறும் தோன்றவில்லை. குலமண்டலங்களில் ஒரு தெய்வத்திற்குரிய சூக்தங்கள் மந்திர எண்ணிக்கை இறங்குமுறையில் அடுக்கப்பட்டுள்ளன. அம்முறை பிறழ்ந்தவை பின்னர்ச் சேர்ந்தவை என்பது பெர்கேன், ஓல்டன்பர்க் ஆகியோர் கண்ட நெறி. இச்சூக்தம் 15 மந்திரங்களுடன் அம்மண்டலத்து இந்திர வரிசையின் தலைப்பில், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பாடம் பழையது, ஐயமில்லை. சிக்கல் முழுவதும் பொருளில்தான்.

14ஆம் நூற்றாண்டில் விசயநகரத்தில் உரையெழுதிய சாயணர், வாயற்றவர் என்று பொருள்கொண்டு, வாய் என்பது இலக்கணையால் பேச்சைக் குறிக்கும், எனவே பேச்சற்றவர் என விளக்கினார். சாயணரின் உரைகள் எல்லாம் ஏற்கத்தக்கவை அல்ல. தம் காலத்து வேள்வி நெறியைப் பழம்பாடலில் ஏற்றிக் காண்பது அவர் வழக்கம். இவ்விடத்தில் அவர் வலுவான நிலத்தில் நிற்கிறார். அதே மந்திரத்தின் அடுத்த பகுதியில் அப்பகைவர் 'ம்ருத்ரவாச்', அதாவது இகழ்ந்த அல்லது பகைமைப் பேச்சினர், எனப்படுகின்றனர். முன்னதும் பேச்சு, பின்னதும் பேச்சு என்றால் இணைமை பொருந்துகிறது. முன்னது மூக்கு, பின்னது பேச்சு என்றால் பொருந்தவில்லை. தொல்காப்பிய உரையாசிரியர் கூறும் குறிப்பு என்பது இங்கே இதுதான்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாக்ஸ் முல்லர் மூக்கற்றவர் என்ற பிரிப்பை முன்மொழிந்தார். 1889 முதல் வெளிவந்த கிரிஃபித்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதனை ஐயக்குறி ஏதுமின்றி ஏற்றுப் பரப்பியது. அடுத்து நிகழ்ந்தது மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. இந்திய மக்களின் மூக்கை அளந்து இனம் பகுக்க முயன்ற ஹெர்பர்ட் ரிஸ்லி, ஆரியர் வருகை பற்றிய வேதக் குறிப்புகளில் பகைவரின் மூக்கு அடிக்கடி பேசப்படுவதாக 1891இல் எழுதினார். அடிக்கடி என்றது இவ்வோரிடத்தைத்தான்! 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் ஆணையராக இருந்தவரும் அவரே. 1912இல் மக்டனல், கீத் இருவரும் வெளியிட்ட வேதச் சொல்லடைவு நிதானமானது. இரு பொருளையும் தருகிறது. பொருள் உறுதியில்லை என்றும் கூறுகிறது. ஆயினும் மூக்கற்றவர் என்பது தட்டை மூக்குடைய திராவிட வகைப் பழங்குடியினர்க்கு நன்கு பொருந்தும் என்று ஒரு வரி சேர்க்கிறது. பயிலரங்கு இளைஞரின் 'சப்பை மூக்குத் திராவிடர்' பிறந்த இடம் இத்தகைய வரிகள்தாம். மூக்கில்லாதவர் என்பது எப்போது தட்டை மூக்கர் ஆயிற்று, தட்டை மூக்கர் எப்போது திராவிடர் ஆயினர் என்று யாரும் கேட்கவில்லை. மாக்ஸ் முல்லர் தாமே 1888இல், ஆரியர் என்னும் சொல் தம்மைப் பொறுத்தவரை மொழியைக் குறிப்பதேயன்றிக் குருதியையோ மண்டையோட்டையோ குறிப்பதன்று என எழுதினார். அதற்குள் சொல் அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

இப்பிரிப்பை முதன்மையான முறையில் கேள்விக்குட்படுத்தியவர்களுள் அம்பேத்கர் ஒருவர் என்பது மொழியியலாரிடையே போதிய அளவு அறியப்படவில்லை. 1946இல் வெளிவந்த 'சூத்திரர்கள் யார்?' என்னும் நூலில் அவர் மாக்ஸ் முல்லர் பொருளையும் சாயணர் பொருளையும் எதிரெதிரே வைத்து, சாயணர் பாடம் தவறென்று கொள்ளக் காரணமில்லை என்றும், அதுவே ம்ருத்ரவாச் என்பதனோடு இயைகிறது என்றும் முடிவு செய்தார். வேதத்தின் சமய அதிகாரத்தை முற்றாக மறுத்த ஒருவர், வேத உரையாசிரியரின் பொருளே சரியென்று பாடச்சான்று காட்டி நிறுவினார். தாமஸ் டிரவுட்மன் 1997இல் வெளியிட்ட நூலில் இவ்வொரு சொல்லின் மேல் எழுப்பப்பட்ட இனக் கொள்கையின் வரலாற்றை விரிவாகக் காட்டினார்.

பேச்சற்றவர் என்று கொண்டால், வேற்றுமொழி பேசியவர் என்னும் வரலாறு கிடைத்துவிடுகிறதே என்று சிலர் மகிழக்கூடும். அங்கும் விரைதல் கூடாது. ஏழாம் மண்டலத்தின் 18ஆம் சூக்தம், பருஷ்ணீ ஆற்றங்கரையில் சுதாஸ் பெற்ற வெற்றியைப் பாடுவது. அதில் ம்ருத்ரவாச் என இகழப்படுபவன் பூரு. பூருக்கள் வேத சமுதாயத்தின் தலையாய குலங்களுள் ஒன்றாவர், அயல்மொழியினர் அல்லர். எனவே இவ்வடை மொழி வேற்றுமையைக் குறிக்க வேண்டிய கட்டாயமில்லை. பகைவன் வாயிலிருந்து வருவது நல்ல சொல் அன்று என்னும் வசையாகவே இருக்கலாம். துதியும் வேள்விச் சொல்லும் இல்லாதவர் என்பதே வாயற்றவர் என்பதன் கருத்தாகவும் இருக்கக்கூடும். இத்துணைச் சிறிய இடத்தில் சொல் நிற்கும்போது அதன்மேல் மக்களினம் ஒன்றை நிறுத்தினால் அது தாங்காது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இச்சொல்லின் இனப்பொருள் விழுந்தால் இந்தோ-ஆரியர் குடிப்பெயர்வுக் கொள்கையே விழுந்துவிடும் என வாதிடுவோர் இன்று பெருகியுள்ளனர். அக்கொள்கை இச்சொல்லின் மேல் நிற்கவில்லை. அது ஒப்பிலக்கணத்தின் மேலும், அவெத்தாவுக்கும் வேதத்திற்கும் உள்ள நெருக்கத்தின் மேலும், மித்தானிச் சான்றின் மேலும் நிற்கிறது. 2019இல் வெளிவந்த தொல்மரபணு ஆய்வுகள், புல்வெளிப் பகுதி மரபுக்கூறு தெற்காசியாவிற்குள் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையே கலந்ததாகக் காட்டின. ரிஸ்லியின் மூக்கு பொய்யாவதால் மித்தானியின் 'அய்க' பொய்யாகிவிடாது.

தமிழாய்வாளரும் இக்கண்டிப்பிற்கு விலக்கல்லர். வேதத்தில் திராவிடச் சொற்கள் உள என்று பரோ, எமனோ ஆகியோர் காட்டியதை நாம் பெருமையுடன் எடுத்தாளுகிறோம். குய்ப்பர் 1991இல் இருக்கு வேதத்தின் அயற்சொற்களாக 383-ஐப் பட்டியலிட்டார். அவை அனைத்தும் திராவிடம் என அவர் கூறவில்லை. 'கல' என்பதைக் களத்தோடும் 'பல' என்பதைப் பழத்தோடும் 'மயூர' என்பதை மயிலோடும் இணைக்கும்போது, அச்சொல் குலமண்டலத்தில் வருகிறதா, பிற்பட்ட முதல், பத்தாம் மண்டலங்களில் வருகிறதா என்று பார்ப்பவர் சிலரே. மயில் தொடர்பான சொல் இருக்கு வேதத்தில் மூன்று இடங்களில் வருகிறது. ஒன்று மூன்றாம் மண்டலம், ஒன்று எட்டாம் மண்டலம், ஒன்று முதல் மண்டலம். இச்சொல்லை முண்டா மொழிகளோடு தொடர்புறுத்துவோரும் உளர். நமக்கு உவப்பான சொல்லுக்கு ஓர் அளவுகோல், உவப்பில்லாத சொல்லுக்கு வேறோர் அளவுகோல் என்பது ஆராய்ச்சியாகாது.

பொருள் மாற்றம் அயலாரால் மட்டும் நிகழ்ந்தது என்பதற்கில்லை. பத்தாம் மண்டலத்து இரணியகர்ப்ப சூக்தத்தில், எத்தெய்வத்திற்கு அவி தருவோம் என்ற வினா மந்திரந்தோறும் திரும்ப வருகிறது. இறுதி மந்திரம் பிரசாபதி என விடை கூறுகிறது. பதபாடம் இல்லாத ஆறு மந்திரங்களுள் இவ்விறுதி மந்திரமும் ஒன்று. சாகல்யர் காலத்திற்குப் பின் அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஓல்டன்பர்க் காட்டிய வழி. பிற்காலப் பிராமண நூல்களோ 'க' என்ற வினாப்பெயரையே பிரசாபதியின் பெயராக்கிவிட்டன. யார் என்ற கேள்வி, யார் என்னும் கடவுளாயிற்று. விடை தெரியாமல் கேட்ட கவிஞனின் குரலை முதலில் மறைத்தவர்கள், அந்நூலைக் கண்ணெனப் போற்றியவர்களே.

தமிழில் பெயர்ப்பது எவ்வாறு?

வேதங்களைத் தமிழில் தந்த ம. ரா. ஜம்புநாதன் போன்றோரின் உழைப்பிற்குப் பின்னும், நம்மிடையே வேதப் பகுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்கு வருகின்றன. ஜேமிசன், பிரரெட்டன் ஆகியோரின் மூன்று தொகுதி ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வந்துவிட்ட பின்னரும், எளிதில் கிடைப்பது என்பதனால் கிரிஃபித்தே மேசைமீது இருக்கிறார். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் ஊகம் 21ஆம் நூற்றாண்டின் தமிழில் மூலமாக வேடமிட்டு வருகிறது. வடமொழி அறியாத மொழிபெயர்ப்பாளரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மண்டலம், சூக்தம், மந்திரம் ஆகிய மூன்று எண்களையும் தம் தமிழாக்கத்தில் தவறாமல் தருதல் வேண்டும். பயிலரங்கில் தரப்பட்ட ஆங்கிலப் பகுதியில் எண் இல்லை. இருந்திருந்தால் அவ்விளைஞர் ஒரு மணி நேரத்தில் சாயணரை எட்டியிருப்பார்.

இனிச் சொல்லுக்கு வருவோம். அநாஸ் என்பதனை 'வாயில்லாதவர்' எனப் பெயர்க்கலாம் என முதலில் தோன்றும். சாயணர் இலக்கணையால் வருவித்த பொருள் தமிழில் வழக்காகவே உள்ளது. வாயில்லாச் சீவன் என்றால் பேசமாட்டாத உயிர் என்பது எவர்க்கும் விளங்கும். ஆனால் அத்தொடரில் இரக்கம் இருக்கிறது. வாயில்லாப் பூச்சி என்பதில் சாதுவான தன்மை இருக்கிறது. இந்திரன் கொன்ற பகைவர்மேல் பாடியவருக்கு இரக்கம் இல்லை. 'ஊமையர்' என்றால் உடற்குறையாகிவிடும்; மூக்கை விட்டு வாய்க்கு வந்த பயன் கெடும். 'பேச்சற்ற தஸ்யுக்கள்' என்று பெயர்த்து, சொல்லின் இருவகைப் பிரிப்பையும் அடிக்குறிப்பில் ஒரு வரியில் தருவதே இப்போதைக்குத் தகும் என்பது என் கருத்து. தஸ்யு என்பதனை அப்படியே விட வேண்டும். அதற்குத் திராவிடர் என்றோ பழங்குடியினர் என்றோ அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் வேலையன்று.